பெருந்துறைக்கு வழி இந்தப் பக்கம்

ஜூன் 2, திங்கள்

ஈரோட்டுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் தூத்துக்குடி இறால் கம்பெனியை விலை பேசி வாங்கியவர்கள் என்பதால் வாசலில் ரோஜாப்பூ, உள்ளே கேசரி, சுவரில் புது போர்டு. கேசரியில் முந்திரி கூட இருந்தது. எங்கள் முதலாளி இருந்தவரை தீபாவளிக்குக் கூட முந்திரி பார்த்ததில்லை.

ஜி.எம். வேதகிரி சார் சென்னையிலிருந்து திரையில் வந்தார். "ரெண்டு நெட்வொர்க்கும் இந்த மாசத்துக்குள்ள ஒண்ணாகணும். அதுக்கப்புறம் நெட்வொர்க் ஹெட் ஒருத்தர்தான். இன்னொருத்தர் அவருக்குக் கீழ. யாருன்னு வேலையைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த இன்னொருத்தர் பெயர் சிவசண்முகம். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. என் சர்வர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "உங்க டிசைன் பாத்தேனுங்க மேடம். அந்தக் காலத்துக்கு நல்லாவே பண்ணியிருக்கீங்க" என்றான்.

அவன் ஜெயித்தால் நான் ஈரோட்டுக்குப் போய் அவனுக்குக் கீழே உட்கார வேண்டும். இந்த அறைக்கு ஏசி மாட்டியபோது கூட நின்று ஓட்டை அளந்தவள் நான். நாற்காலியை விடுவதற்கில்லை.

ஜூன் 4, புதன்

இரண்டு ஊருக்கும் நடுவே லைன் போட்டாயிற்று. இன்று ரூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

குளிர் அறை சூப்பர்வைசர் மரியலூர்து அண்ணாச்சி ஜாக்கெட்டைக் கழற்றாமலே வந்து பக்கத்தில் நின்றார். "ஏன் மேடம், இந்தப் பெட்டிக்கு எந்தக் கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னு எப்படித் தெரியுது? யாரு சொல்லுதா?"

"அதுகளே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிடும் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் நம்பரெல்லாம் தெருத்தெருவா பிரிச்சிருக்கும். ஒரு தெருவுக்கு சப்நெட்டுன்னு பேரு. ஒவ்வொரு ரூட்டரும் பக்கத்து ரூட்டர்கிட்ட, 'இந்தத் தெரு என் பின்னால இருக்கு, அங்க போறதெல்லாம் என்கிட்ட அனுப்பு'ன்னு அறிவிக்கும். அது கேட்டுக்கிட்டு அடுத்ததுகிட்ட சொல்லும். கொஞ்ச நேரத்துல எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும்."

"நெசமாவே பின்னால இருக்கான்னு எவனாவது போய்ப் பாப்பானா?"

"பாக்க மாட்டான். சொன்னா நம்பிக்க வேண்டியதுதான்."

"அப்ப நம்ம ஆபீசு மாதிரிதான்னு சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஜூன் 6, வெள்ளி

இரண்டு கம்பெனிகளும் பத்து-இருபது என்று தொடங்கும் ஒரே எண்களைத்தான் வைத்திருக்கின்றன. எங்கள் இறால் அறையின் வெப்பமானிகளும் பத்து-இருபது-நாற்பது. அவர்களுடைய பெருந்துறை குடோனில் மாட்டுத் தடுப்பூசி வைத்திருக்கும் அறையும் பத்து-இருபது-நாற்பது. ஒரே தெருப் பெயர் இரண்டு ஊரில். யாராவது ஒருவர் மாற்றித்தான் ஆக வேண்டும்.

"நீங்க மாத்திக்கிறது முறையுங்க. எங்க குடும்பத்துக்குத்தானுங்களே நீங்க வந்திருக்கீங்க" என்றான் சிவசண்முகம். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். வேதகிரி சாரும்.

கல்யாணமானதும் இனிஷியலை மாற்றச் சொல்லி மாமியார் வீட்டில் ஆறு மாதம் மல்லுக்கு நின்றார்கள். மாற்றவில்லை. இன்றுவரை நான் த. ஜெபசெல்விதான். இந்தச் சட்டைக்காரன் சொல்லி என் எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று.

தூத்துக்குடி இனிமேல் பத்து-அறுபது.

ஜூன் 9, திங்கள்

சனி, ஞாயிறு முழுக்க எண் மாற்றினேன். ஒரு பிரிண்டர்கூட நிற்கவில்லை. யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகச் சிவசண்முகம் இன்னொன்று செய்திருக்கிறான். ஈரோட்டு ரூட்டரில் ஒரு வடிகட்டி. தூத்துக்குடியிலிருந்து வரும் அறிவிப்பில் பத்து-அறுபது மட்டும் உள்ளே விடலாம், வேறு எது சொன்னாலும் தள்ளிவிடு என்று எழுதி வைத்திருக்கிறான். போனில் கேட்டேன்.

"வழக்கமா வெக்கிறதுதானுங்க மேடம். தப்பா ஏதாச்சும் வந்துட்டா?"

"என்கிட்டருந்து எதுக்குத் தப்பா வரணும்?"

"மனுசங்கதானுங்களே."

வேதகிரி சாருக்கு மெயில் அனுப்பினேன். ஒரே குடும்பம் என்கிறார்கள், வாசலில் மட்டும் எங்களுக்குச் சோதனையா என்று கேட்டேன். மத்தியானமே பதில் வந்தது. வடிகட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டான். அப்போது சாப்பிட்ட தயிர்சாதத்துக்கு அப்படி ஒரு ருசி.

ஜூன் 11, புதன்

அவனைச் சும்மா விடக் கூடாது.

வார மீட்டிங்கில் வேதகிரி சார் பொதுவாகத்தான் கேட்டார், போன வாரம் லைன் ஏன் விட்டு விட்டு வந்தது என்று. சிவசண்முகம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொல்ல மனசே இல்லாதவன் மாதிரி சொன்னான்: "போன வியாழக்கிழமைங்க சார், மத்தியானம் மூணு அஞ்சுக்கு தூத்துக்குடி பக்கம் விழுந்துச்சுங்க. மூணு நாப்பது வரைக்கும் மேடத்தைப் புடிக்க முடியலீங்க. நாலு தடவை கூப்பிட்டேனுங்க."

நான் குளிர் அறைக்குள் இருந்தேன். உள்ளே செல் எடுக்காது. அதோடு, லைன் விழுந்தது அவன் பக்கத்து மோடத்தால். சொன்னேன். "நான் எப்பவும் சீட்லதான் சார் இருப்பேன், பொறுப்பாத்தான் பாக்கேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கே அது சப்பென்று இருந்தது. வேதகிரி சார் ஏதோ குறித்துக்கொண்டார். மூணு அஞ்சையும் மூணு நாற்பதையும்தான் குறித்திருப்பார்.

ஜூன் 12, வியாழன்

ரூட்டருக்கும் ஜி.எம்முக்கும் ஒரே புத்தி.

இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வழி சொன்னால் ரூட்டர் யாரை நம்பும்? உண்மையானவரை அல்ல, பழையவரையும் அல்ல. குறுகலாகச் சொன்னவரை. ஒருவர் "இந்தத் தெரு முழுக்க என்னிடம்" என்கிறார். இன்னொருவர் "அந்தத் தெருவில் முதல் பாதி வீடுகள் என்னிடம்" என்கிறார். இரண்டாமவர் பின்னால் வெறும் பொட்டலாக இருந்தாலும் அந்த வீட்டுக் கடிதமெல்லாம் அவரிடம்தான் போகும். இத்தனை திட்டவட்டமாகச் சொல்கிறவருக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று எண்ணம். யாரோ வெள்ளைக்காரன் எழுதி வைத்த விதி. அவனும் ஏதாவது ஆபீசில் குப்பை கொட்டியவனாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

திங்கட்கிழமை டைரக்டர்கள் ஈரோட்டுக்கு வருகிறார்கள். சிவசண்முகம் பெருந்துறை அறையைப் பெரிய திரையில் காட்டப் போகிறான். காட்டிவிட்டால் நாற்காலி அவனுக்குத்தான். வேதகிரி சார் குரலிலேயே அது தெரிகிறது.

அந்தத் திரையைப் பார்வையிட எனக்கும் அனுமதி தந்திருக்கிறார்கள். பார்வையிட்டேன். ஈரோட்டு சர்வர் நிமிஷத்துக்கு ஒரு தடவை பெருந்துறை வெப்பமானியை "எவ்வளவு?" என்று கேட்கிறது. பதில் சரியாக இருந்தால் பச்சை. சூடு ஏறினால் சிவப்பு, உடனே பொறுப்பாளர்களின் செல்லுக்கு மணி. பதிலே வராவிட்டால் சாம்பல் நிறம். சாம்பலுக்கு மணி கிடையாது. பதில் வராததும் ஆபத்துதான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இதில் என் டிசைன் அந்தக் காலமாம்.

அதோடு அந்த அறையின் கதவு சென்சார். கதவு திறந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டிய அது ஏப்ரலிலிருந்து செத்துக் கிடக்கிறது. இவனோ டைரக்டர்களுக்கு "எல்லா சென்சாரும் இயங்குகின்றன" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறான்.

இரண்டையும் அவனிடம் சொல்லவில்லை. என்னை யார் கேட்டார்கள்?

ஜூன் 14, சனி

இன்று அரை நாள். கிளம்பும் முன் நம் ரூட்டரில் ஒரு அறிவிப்பு சேர்த்தேன். பத்து-இருபது-நாற்பது, முதல் பாதி. ஒரு வரிதான்.

சோதனைக்காக. போன வாரம்வரை அது எங்கள் எண்தானே. எண் மாற்றும்போது ஏதாவது பழைய பெட்டி விட்டுப்போயிருந்தால் அதற்கும் ஒரு வழி வேண்டாமா? யார் கேட்டாலும் இதைச் சொல்லலாம்.

பிறகு பார்வைத் திரையைத் திறந்து பார்த்தேன். பெருந்துறை சாம்பலாகி இருந்தது. தூத்துக்குடியில் அந்த எண்ணில் யாரும் இல்லை, பதில் சொல்ல. சிவசண்முகம் திங்கட்கிழமை காலையில் டைரக்டர்கள் முன்னால் பார்த்துக்கொள்ளட்டும்.

வரும் வழியில் மக்ரூன் வாங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயில். நாத்தனார் பேரனுக்கு ஞானஸ்நானம். பிரியாணி நன்றாக இருந்தது. வெயில் தாங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலை பத்து மணிக்குத் திரையில் எல்லோரும். ஈரோட்டு ஹாலில் டைரக்டர்கள் வரிசையாக. சிவசண்முகம் ரிமோட்டை அழுத்தினான். பெருந்துறை மொத்தமும் சாம்பல். மறுபடி அழுத்தினான். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். அந்தக் காட்சிக்காக நான் இன்னொரு முறை பிறந்து வந்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவனுடைய செல் அடித்தது. பெருந்துறை குடோனிலிருந்து. ஞாயிறு சாயங்காலம் கம்ப்ரசர் நின்றுபோயிருக்கிறது. காலையில் போன டிரைவர்தான் அறை வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். தடுப்பூசி ஒன்று பாக்கியில்லாமல் வீண். கோமாரிக்கு வைத்திருந்தவை.

ஹாலில் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில், சனிக்கிழமை சேர்த்த அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் சாம்பல் போய்ச் சிவப்பு வந்தது. எல்லோருடைய செல்லிலும் ஒரே சமயத்தில் மணி அடித்தது.

"என்ன செஞ்சீங்க ஜெபசெல்வி?" என்று வேதகிரி சார் கேட்டார்.

"ரூட்டை ரிஃப்ரெஷ் பண்ணேன் சார். ஈரோட்டுல யாரும் பாக்கல போல."

அறையில் குளிர் அதிகமாகத் தெரிந்தது. ஏசியைக் குறைத்து வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கம்ப்ரசரை நான் நிறுத்தவில்லை. கரண்ட் ஏதோ ஏறி இறங்கியிருக்கிறது, அதுவாக நின்றிருக்கிறது. ஊரில் எத்தனையோ கம்ப்ரசர் நிற்கிறது.

ஆனால் சிவசண்முகம் விடுவதாக இல்லை. "சனிக்கிழமை மத்தியானத்துல இருந்தே சாம்பலுங்க சார். ஏன்னு தெரியோணும். ரெண்டு பக்க ரூட்டரையும் வெளியாளை வெச்சுப் பிரிச்சுப் பாத்துரலாமுங்க" என்றான்.

வேதகிரி சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்ஷூரன்ஸ்காரன் காரணம் கேக்கறான். எனக்கு நீளமா வேண்டாம். ஒரு வரி. அறை ஏன் சூடாச்சு? அது தெரிஞ்சா மத்ததெல்லாம் எதுக்கு? யார் தர்றீங்க?"

நான் தருகிறேன் என்றேன்.

ஜூன் 18, புதன்

அறிக்கை அனுப்பியாயிற்று. "பெருந்துறைக் கதவு சென்சார் தனக்குள் வைத்திருக்கும் பதிவின்படி, ஜூன் 15 ஞாயிறு பிற்பகல் 3:15 முதல் 4:50 வரை அறைக் கதவு திறந்திருந்தது. குளிர் வெளியேறியதால் கம்ப்ரசர் திணறி நின்றது."

ரூட்டரைப் பிரிக்கத் தேவையில்லை என்று வேதகிரி சார் முடிவு செய்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

நெட்வொர்க் ஹெட், இரண்டு ஊருக்கும்: த. ஜெபசெல்வி. ஆர்டரில் இனிஷியல் சரியாக இருக்கிறது.

வீட்டுக்காரர் அல்வா வாங்கி வைத்திருந்தார். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சந்தோசமா இல்லையா?" என்றார். தலைவலி என்றேன்.

ஞாயிறு பகலில் அந்த அறையைத் துடைத்து, பெட்டி அடுக்கும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். பெயர் பழனியம்மாள். கதவு பற்றி எழுதினேனே தவிர, அந்த அறையில் அன்று யார் இருந்தது என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. அதை விசாரித்தவர்கள் அவர்கள்.

ஜூன் 23, திங்கள்

சிவசண்முகம் ராஜினாமா. எனக்குக் கீழே உட்கார மாட்டானாம். பொறுப்பை ஒப்படைக்கப் போன் செய்தான். பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகச் சொன்னான், எழுதிக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா மேடம்? பெருந்துறைக் கதவு சென்சார் செத்துக் கெடந்துச்சுங்களே. அதுக்கு எப்பங்க உசுரு வந்துச்சு?"

"எல்லா சென்சாரும் வேலை செய்யுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கள்ளா, அன்னைக்கு."

"அந்த வடிகட்டியை நான் எடுத்திருக்கக் கூடாதுங்க" என்றான். பிறகு, "அந்தப் பழனியம்மா ரெண்டு புள்ளைங்களை வெச்சிருக்குதுங்க" என்றான்.

"அப்ப போய்ச் சொல்லுங்க சார். கையெழுத்துப் பொய்யின்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டான். சொல்ல மாட்டான். அவன் போகப் போகும் புதுக் கம்பெனியில் இந்தக் கையெழுத்து வெளியே தெரியக் கூடாது. அவன் யோக்கியதை எனக்குத் தெரியாதா?

ஜூன் 27, வெள்ளி

தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தேன்.

"ஜெபசெல்வி மேடமுங்களா? நான் பெருந்துறை பழனியம்மாளுங்க."

சண்டைக்குத் தயாரானேன். என்ன சொல்வாள், எதற்கு என்ன பதில் என்று எல்லாம் வைத்திருந்தேன். வக்கீல் வைப்பேன் என்றால் ஒன்று, சாபம் விட்டால் ஒன்று, அழுதால் ஒன்று. இத்தனை நாள் அதைத்தான் தயார் செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"உங்க நம்பரை ஆபீசுல கேட்டு வாங்குனனுங்க. தொந்தரவு பண்றனுங்களா?"

"சொல்லுங்க."

"நான் கதவைச் சாத்துனதாத்தானுங்க ஞாபகம். கொண்டி போட்டுட்டு, ஒருக்கா இழுத்துங்கூடப் பாத்தனுங்க. அப்படித்தான் நெனைச்சிட்டிருந்தேன். சார் உங்க பேப்பரைப் படிச்சுக் காட்டுனாருங்க. மூணே காலுன்னு மணி நிமிசத்தோட இருக்குது. மிசினு பொய் சொல்லுமுங்களா? அப்புறம் ரோசனை பண்ணிப் பாத்தா, அன்னைக்கு அந்நேரத்துக்குத்தான் சின்னவனுக்குக் காச்சல்னு பக்கத்து வீட்டுலருந்து போன் வந்துச்சுங்க. அந்தப் பதட்டத்துல நாந்தான் சாத்தாம வந்துட்டேனாட்ட இருக்குது, அப்புறம் யாரோ பாத்துச் சாத்தியிருக்கோணுமுங்க."

அவளே தொடர்ந்தாள்.

"எத்தனை மாட்டுக்கு வெச்சிருந்த மருந்துங்க. எங்கூட்டுலயும் ஒரு எருமை நிக்குது. மன்னிச்சுக்கோணுமுங்க மேடம். அதச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டனுங்க."

எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சாத்தினேன் என்று கத்த வேண்டியதுதானே. கொண்டியை இழுத்துப் பார்த்த கை உன்னுடையதுதானே. யாரோ ஒருத்தி, பெருந்துறையை ஒரு தடவை கூடக் கண்ணால் பார்க்காதவள், மணியையும் நிமிஷத்தையும் எழுதிவிட்டால் உன் கையை நீயே நம்ப மாட்டாயா? இவளுக்கெல்லாம் யார் என்ன செய்ய முடியும்.

"சரி" என்றேன். "பையனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"வுட்டுப்போச்சுங்க. நீங்க கேட்டதே போதுமுங்க."

ஜூன் 28, சனி

தலைவலி விடவில்லை. அரை நாள்தான் என்றாலும் வேலை கிடந்தது.

இரண்டு ஊர் ரூட்டரிலும் வடிகட்டி போட்டுவிட்டேன். சிவசண்முகம் எழுதியது அப்படியே பழைய கோப்பில் இருந்தது, ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இனிமேல் யார் எதை எவ்வளவு குறுகலாக அறிவித்தாலும் சரிபார்க்காமல் உள்ளே வராது. ஈரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஆள், "என்ன மேடம், எங்கள நம்பலீங்களா?" என்று கேட்டான். வழக்கமாக வைப்பதுதான் என்றேன்.

பெருந்துறைக்குப் புதுக் கதவு சென்சார் வாங்க ஒப்புதல் கொடுத்தேன். சாம்பல் வந்தாலும் மணி அடிக்கும்படி மாற்றினேன்.

கிளம்பும் முன் செல்லை எடுத்து பழனியம்மாளின் எண்ணைத் தடுத்து வைத்தேன். அவள் மறுபடியும் கூப்பிடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.